டிஸ்க்கை ஸ்கிம் செய்வதா, புதிதாக மாற்றுவதா? முதலில் ஸ்டட்டைப் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் முதலில் வாங்கும் கார் பெரும்பாலும் பழைய மைவி, பழைய சாகா, பழைய விவா இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கிறது. பட்டணத்துக்குள்ளும் தோட்டத்துச் சாலையிலும் ஓட்டும்வரை வண்டி நன்றாகவே இருக்கும். ஒரு நாள் கோலகங்சாரிலிருந்து ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் போவார்கள். மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டி ஜெலாப்பாங் இறக்கத்தில் பிரேக்கில் கால் வைத்ததும் ஸ்டீயரிங் கையில் நடுங்கும். மறுநாள் பட்டறைக்குப் போனால் இரண்டு சேதி காத்திருக்கும். பிரேக் டிஸ்க் (வீலோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு) கோணிவிட்டது என்பது ஒன்று. வீலைக் கழற்றும்போது ஒரு நட் வரவே இல்லை, அந்த நட் ஏறும் கம்பியான ஸ்டட்டின் மரை போய்விட்டது என்பது இன்னொன்று.

கையில் இருக்கும் காசு ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால் என்ன செய்வார்கள்? "டிஸ்க்கை இப்போ பார்த்துடுவோம், ஸ்டட் அப்புறம்" என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். என் அக்கா மகனும் அதைத்தான் கேட்டான்: "மூணு நட் நல்லாத்தானே இருக்கு மாமா?" அவனுக்குச் சொன்ன பதிலையே இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்த இரண்டையும் தனித்தனி வேலையாகப் பார்ப்பதால்தான் நிறையப் பேர் ஒரே டிஸ்க்குக்கு இரண்டு தடவை காசு கொடுக்கிறார்கள்.

இந்தச் சின்னக் கார்களில் முன் டிஸ்க், வீல் மாட்டும் நடு இரும்பான ஹப்பின் மேல் சும்மா செருகித்தான் நிற்கிறது. சில கார்களில் ஒன்றிரண்டு சின்னத் திருகு பிடித்திருக்கும், அது டிஸ்க் கீழே விழாமல் இருப்பதற்கு மட்டும். டிஸ்க்கை உண்மையில் இறுக்கிப் பிடிப்பது டயர் நட்தான். ரிம், டிஸ்க், ஹப் மூன்றையும் நான்கு ஸ்டட்டும் நான்கு நட்டும் சேர்ந்து ஒன்றாக அழுத்துகின்றன. அதில் ஒரு ஸ்டட் நீண்டுபோயோ மரை தேய்ந்தோ இருந்தால் அந்தப் பக்கத்தில் அழுத்தம் குறையும். டிஸ்க் மயிரிழை சாய்ந்து சுற்றும். பல கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஆட்டமே 0.1 மில்லிமீட்டருக்குள்தான், சிலவற்றுக்கு 0.05. கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

சாய்ந்து சுற்றும் டிஸ்க், நீங்கள் பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை, அதாவது டிஸ்க்கை அழுத்தி வண்டியை நிறுத்தும் கட்டையை, உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். டிஸ்க்கின் கனத்தில் 0.02 மில்லிமீட்டர் அளவுக்கு ஏற்றத்தாழ்வு வந்தாலே பெடலும் ஸ்டீயரிங்கும் துடிக்க ஆரம்பித்துவிடும். டிஸ்க் கோணிவிட்டது என்று நாம் சொல்லும் கேஸ்களில் பாதிக்கு மேல் டிஸ்க் கோணியிருக்காது, இப்படித்தான் கனம் மாறியிருக்கும், அல்லது பேடின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும் என்பது என் எண்ணம். புது டிஸ்க் போட்டும் ஐந்தாறு மாதத்தில் நடுக்கம் திரும்பி வந்தால் "லோக்கல் சாமான், அதான் இப்படி" என்று டிஸ்க்கைத் திட்டுகிறோம். ஹப்பின் முகத்தில் இருந்த துருவையும் கெட்டுப்போன ஸ்டட்டையும் யாரும் பார்ப்பதில்லை.

கூலிக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. ஸ்டட் மாற்ற வேண்டுமென்றால் வீல், பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பர், அதன் பிராக்கெட், டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். டிஸ்க் மாற்றவும் அதே கழற்றல்தான். ஒரே தடவை கழற்றும்போது இரண்டையும் முடித்தால் கூலி ஏறக்குறைய ஒன்றுதான்.

டிஸ்க்கில் என்னென்ன வழி

முடிவெடுக்கும் முன் அளக்க வேண்டும். டிஸ்க்கின் நடுக் கிண்ணத்திலோ விளிம்பிலோ குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று அச்சில் வார்த்திருப்பார்கள். துரு மூடியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் தெரியும். புது டிஸ்க்குக்கும் இந்த எண்ணுக்கும் பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டர் அளவுதான் வித்தியாசம் இருக்கும்.

வெர்னியரை அப்படியே டிஸ்க்கில் மாட்டி அளந்தால் கணக்குத் தப்பும். பேடு தொடாத வெளி விளிம்பில் ஒரு மேடு தங்கியிருக்கும், வெர்னியரின் தாடை அந்த மேட்டில்தான் உட்காரும். தேய்ந்த டிஸ்க்கும் கனமாக இருப்பதாகக் காட்டும். மைக்ரோமீட்டர் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் இரண்டு இருபது காசு நாணயங்களை எடுத்து, முதலில் இரண்டையும் சேர்த்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் மேட்டுக்கு உள்ளே, பேடு உரசும் இடத்தில், டிஸ்க்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு காசை வைத்து மொத்தமாக அளந்து, காசின் கனத்தைக் கழியுங்கள். டிஸ்க்கைச் சுற்றி ஏழெட்டு இடத்தில் அளந்து மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். நூறில் ஒரு பங்கு மில்லி வித்தியாசத்தை இந்த முறை காட்டாது. டிஸ்க்கில் இன்னும் உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இது போதும்.

ஸ்கிம் செய்வது இங்கே எல்லோரும் முதலில் கேட்கும் வழி. லேத்தில் போட்டு இரண்டு முகத்தையும் சமமாகச் சீவிக் கொடுப்பார்கள். கனம் மிச்சமிருக்கும் நல்ல டிஸ்க்குக்கு இது சரியான வைத்தியம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். டிஸ்க்கில் வார்த்த எண் 16 மில்லி, நீங்கள் அளந்தது 16.8 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சேர்த்து அரை மில்லி சீவினால் மிச்சம் 16.3. அடுத்த பேடு தேய்வதற்குள் டிஸ்க்கும் எல்லையைத் தாண்டிவிடும். பேடு மாற்றும்போது டிஸ்க்கையும் மறுபடி வாங்கவேண்டி வரும்.

மெலிந்த டிஸ்க்குக்கு இன்னொரு குறையும் உண்டு, எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது முக்கியம். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் பிரேக் வாங்கும் சூடு சுமார் 470 கிலோஜூல். ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. அதில் பெரும்பங்கு முன் டிஸ்க் இரண்டுக்கும்தான் போகிறது. இறக்கத்தில் லாரிக்குப் பின்னால் பிடித்துப் பிடித்து விட்டால் இந்தச் சூடு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். இரும்பு குறைந்த டிஸ்க் அதைத் தாங்கும் அளவும் குறைவு. பட்டணத்துக்குள் பள்ளிக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு ஸ்கிம் போதும். தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வரும் வண்டிக்கு, கனம் தாராளமாக இருந்தால் ஒழிய, நான் ஸ்கிம் செய்யச் சொல்ல மாட்டேன்.

ஸ்கிம்மிலும் இரண்டு வகை உண்டு. கழற்றி லேத்தில் போடுவது ஒன்று, டிஸ்க் ஹப்பில் இருக்கும்போதே இயந்திரத்தை மாட்டிச் சீவுவது இன்னொன்று. இரண்டாவது முறையில் ஹப்பின் சாய்வும் சேர்ந்தே சரியாகிவிடும் என்பதால் அது மேல். ஆனால் அந்த இயந்திரம் எல்லாப் பட்டறையிலும் கிடையாது.

புது டிஸ்க் வாங்குவதானால் மைவி, சாகா மாதிரி வண்டிக்கு லோக்கல் தயாரிப்பே விலை குறைவாகக் கிடைக்கிறது. ஸ்கிம் கூலியையும் அது தாங்கும் காலத்தையும் வைத்துப் பார்த்தால் இந்த வண்டிகளுக்குப் புதுசே லாபம். பழைய கேம்ரி, பழைய ஐரோப்பியக் கார் வைத்திருப்பவருக்கு டிஸ்க் விலை கை கடிக்கும், அவருக்கு ஸ்கிம் பொருந்தலாம். நிறுவனத்தின் அசல் டிஸ்க் இன்னும் விலை கூடுதல். நல்ல பெயருள்ள லோக்கல் டிஸ்க்குக்கும் அசலுக்கும் சாதாரண ஓட்டத்தில் பெரிய வித்தியாசத்தை நான் உணர்ந்ததில்லை. பெயரே இல்லாத பெட்டியில் வருவதைத்தான் தவிர்க்கச் சொல்வேன். குறைந்தபட்சக் கனம் அச்சில் இல்லாத டிஸ்க்கைக் கையில் எடுத்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது கிராண்டில் (வண்டிப் பதிவுச் சான்றில்) இருக்கும் சேசிஸ் நம்பரையும், முடிந்தால் கழற்றிய டிஸ்க்கையும் கொண்டுபோங்கள். மைவி 2005இல் வந்ததிலிருந்து எத்தனையோ மாறிவிட்டது. பெயர் ஒன்று என்பதற்காக எல்லா மைவிக்கும் ஒரே டிஸ்க் பொருந்தாது. விட்டம், நடு ஓட்டை, கிண்ணத்தின் உயரம் மூன்றையும் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடையில் டிஸ்க் வாங்குவது எனக்குப் பிடிக்காத வழி. கதவு, விளக்கு, கியர்பாக்ஸ் வாங்க அந்தக் கடைகளைப் போல உதவி வேறில்லை. ஆனால் தேய்மானத்துக்கென்றே இருக்கும் சாமானை யாரோ தேய்த்த பிறகு ஏன் வாங்க வேண்டும்? ஓட்டை போட்டு, கோடு கிழித்த டிஸ்க் பார்க்க நன்றாக இருக்கும், தோட்டத்துச் சாலையில் ஓடும் குடும்ப வண்டிக்கு அதனால் பிரயோசனம் இல்லை.

எது வாங்கினாலும் இடம் வலம் இரண்டும் சேர்த்து, பேடும் புதிதாக. பழைய டிஸ்க்கின் பள்ளத்துக்கு ஏற்பத் தேய்ந்த பேடை நேரான புது டிஸ்க்கில் மாட்டினால் பாதி முகம்தான் தொடும்.

ஸ்டட்டில் என்னென்ன வழி

இதில் பேச்சு சுருக்கம், ஆனால் பிடிவாதம் அதிகம்.

மூன்று நட்டோடு ஓட்டுவது ஒரு வழியே இல்லை. வீலைத் தாங்குவது ஸ்டட்டின் இரும்பு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நட் இறுகி ரிம்மையும் ஹப்பையும் அழுத்தும் அழுத்தமே வீலைப் பிடித்திருக்கிறது. நான்கில் ஒன்று போனால் அழுத்தத்தில் கால்பங்கு போகிறது. மிச்சமிருக்கும் மூன்றும், முக்கியமாகப் பக்கத்தில் இருக்கும் இரண்டும், ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக இழுபட்டுச் சோர்கின்றன. அடுத்தது உடையும்போது முன்னறிவிப்பு இருக்காது.

வெல்டிங் வைப்பதும் கூடாது. ஸ்டட் சூட்டுப் பதம் ஏற்றிய எஃகு. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும்.

மரையை மறுபடி வெட்டி ஓட்டலாமா என்பதுதான் நியாயமான கேள்வி. "அண்ணே, மரையைச் சுத்தம் பண்ணிட்டா ஓடும்ணே" என்று பட்டறையில் சொன்னால் உடனே மறுக்க வேண்டாம், எப்படிக் கெட்டது என்று பாருங்கள். முதல் ஓரிரு மரையில் மட்டும் அடி பட்டிருந்தால், துருவும் மண்ணும் அடைத்திருந்தால், மரையைச் சீர்படுத்தும் கருவியை ஓட்டி எடுத்து நட்டைக் கையாலேயே அடிவரை திருக முடிந்தால் சரி, அது போதும். பாதியில் நட் இறுகினாலோ, மரையின் உச்சி உதிர்ந்திருந்தாலோ, புது நட்டை ஓட்டும்போது நடுவில் மட்டும் பிடித்தாலோ, அந்த ஸ்டட் நீண்டுவிட்டது, அல்லது மரை முழுதும் போய்விட்டது. அப்படிப்பட்ட ஸ்டட்டுக்கு மரை வெட்டி உயிர் கொடுக்க முடியாது.

பழைய காரில் மரை கெடுவதற்கு ஒரு முக்கியமான காரணம் தப்பான நட். புரோட்டான், பெரோடுவா, டொயோட்டா, ஹோண்டா கார்களுக்கு 12 மில்லி விட்டமும் 1.5 மரை இடைவெளியும் உள்ள நட். நிஸ்ஸானுக்கும் சுசுக்கிக்கும் அதே விட்டம், ஆனால் இடைவெளி 1.25. முதல் ஒன்றிரண்டு சுற்று இரண்டும் ஏறும். அப்புறம் காற்றில் நட் முடுக்கும் ஏர் கன் அடித்தால் இரண்டின் மரையும் சேர்ந்து நாசம். முந்தைய உரிமையாளர் ரிம் மாற்றியிருந்தால் நான்கு வீலிலும் உள்ள எல்லா நட்டையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நட்டின் கூம்பு ரிம்மின் குழியில் முழுசாக உட்கார வேண்டும். ரிம்மை வெளியே தள்ள அதற்குப் பின்னால் ஸ்பேசர் தட்டு வைத்திருந்தால் நட் எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள். 12 மில்லி ஸ்டட்டில் குறைந்தது 12 மில்லி நீளத்துக்கு மரை பிடிக்க வேண்டும், அதாவது எட்டு முழுச் சுற்று. அதற்குக் குறைந்தால் நீளமான ஸ்டட் போட வேண்டும், அல்லது ஸ்பேசரைக் கழற்றி எறிய வேண்டும்.

கெட்ட ஒன்றை மட்டும் மாற்றுவதா, அந்த வீலில் உள்ள நான்கையும் மாற்றுவதா? நான் நான்கையும் மாற்றச் சொல்வேன். ஒன்றை நீட்டிய அதே ஏர் கன்தான் மற்ற மூன்றையும் அடித்தது. ஸ்டட் மலிவான சாமான், கழற்றும் கூலிதான் பெரிசு, அந்தக் கூலியை எப்படியும் கொடுக்கப்போகிறீர்கள். நட்டும் புதுசாகவே இருக்கட்டும். ஒரு ஸ்டட்டுக்கு மேல் போட இப்போது வழியில்லை என்றால், மற்ற மூன்றிலும் நட் கையால் அடிவரை ஓடுகிறதா என்று நீங்களே திருகிப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்.

மாற்றும் விதத்தையும் பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய ஸ்டட்டைத் தட்டி வெளியேற்றுவார்கள். ஹப்பைச் சுற்றிச் சுற்றிப் பின்னால் இடம் கிடைக்கும் கோணத்தில் நிறுத்தினால்தான் அது வெளியே வரும். கண்மூடித்தனமாகச் சம்மட்டி அடித்தால் பேரிங் கெட்டு, ஒரு வாரத்தில் உறுமல் கேட்கும். புது ஸ்டட்டின் தலைக்குக் கீழே பல்பல்லாக இருக்கும் பகுதி பழைய பல் தடத்தில் பொருந்தும்படி செருகி, மேலே நாலைந்து வாஷரும் ஒரு பழைய நட்டும் போட்டுக் கை ஸ்பேனரால் மெல்ல இழுக்க வேண்டும். தலை ஹப்பின் முதுகில் முட்டி உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே டிஸ்க்கை மாட்டலாம். சில கார்களில் ஸ்டட்டை வெளியே எடுக்க இடமே இருக்காது, ஹப்பையே பிரஸ்ஸில் கழற்ற வேண்டும். அப்படிக் கழற்றினால் பேரிங்கும் புதுசுதான். 90களின் ஹோண்டா அக்கார்டு போன்றவற்றில் டிஸ்க்கே ஹப்புக்குப் பின்னால் முடுக்கியிருக்கும், அங்கே இந்தக் கணக்கு முழுதும் மாறி, செலவு கூடும். வண்டி வாங்கும் முன்பே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. புஸ்பாகோம் வாகனச் சோதனையில் பாஸ் ஆகிவிட்டதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அங்கே உருளையில் ஏற்றிப் பிரேக்கின் பிடியைத்தான் அளக்கிறார்கள், டிஸ்க்கின் கனமும் ஸ்டட்டின் மரையும் அந்தச் சோதனையில் தெரியாது.

யார் கையில் கொடுப்பது

டயர் கடையில் ஸ்டட் போடுவார்கள், ஆனால் டிஸ்க் அளக்கும் பழக்கம் எல்லாக் கடைக்கும் கிடையாது. ஈப்போவில் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் அசல் சாமானோடு முறையாகச் செய்வார்கள், விலை கூடும், ஒரு நாள் லீவும் போகும். ஊர்ப் பட்டறையில் தெரிந்த போர்மேன் இருந்தால் நான் அங்கேயே கொடுப்பேன், பக்கத்தில் நின்று பார்க்க முடிகிறதே. வீட்டு வாசலில் நாமே செய்வதும் முடியும். டிஸ்க் ஹப்பில் ஒட்டிக்கொண்டால் சுத்தியல் வேண்டாம். பல டிஸ்க்குகளின் கிண்ணத்தில் மரை வெட்டிய இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லி போல்ட்டை மாறி மாறி முடுக்கினால் டிஸ்க் தானே வெளியே தள்ளிக்கொண்டு வரும். ஆனால் செம்மண் தரையில் ஜாக் மட்டும் வைத்துக் கேலிப்பரைக் கழற்றுவதற்கு நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். சிமெண்டுத் தரை, ஜாக் ஸ்டாண்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் மூன்றும் இல்லையென்றால் பட்டறைக்கே போங்கள்.

யார் செய்தாலும் மூன்று வேலையைக் கேட்டு வாங்குங்கள். ஹப்பின் முகத்தைத் துருப்போகக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது. புது டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் கழுவுவது. நட்டை ஏர் கன்னால் முடிக்காமல், குறுக்கு வரிசையில், டார்க் ரென்ச்சால் இறுக்குவது. இந்தச் சின்னக் கார்களுக்கு அது சுமார் 100 நியூட்டன் மீட்டர், சரியான எண் வண்டியின் கையேட்டில் இருக்கும். ஸ்டட்டில் எண்ணெயோ கிரீசோ தடவ வேண்டாம். தடவினால் அதே 100இல் ஸ்டட் கூடுதலாக இழுபட்டு, மறுபடி நீளும்.

வண்டியை எடுத்ததும் காலி ரோட்டில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 10 வரை நிதானமாகப் பிடித்து விட்டு, முழுசாக நிறுத்தாமல், பத்துப் பதினைந்து தடவை செய்யுங்கள். லிந்தாங் பக்கம் காலையில் ரோடு காலியாக இருக்கும்போது வசதி. அப்புறம் பிரேக் போடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். தோட்டத்திலிருந்து வந்ததும் சூடான வீலில் பைப் தண்ணீர் அடித்து மண்ணைக் கழுவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

நூறு கிலோமீட்டருக்குள் நட்டை மறுபடி டார்க் ரென்ச்சால் பாருங்கள். எல்லாம் நகராமல் நின்றால் வேலை முடிந்தது. ஒரு நட் மட்டும் கொஞ்சம் திரும்பினால் இறுக்கிவிட்டு இன்னொரு நூறு கிலோமீட்டர் கழித்து அதையே பாருங்கள். மறுபடியும் திரும்பினால் அந்த ஸ்டட்டின் தலை ஹப்பில் முழுசாக உட்காராமல் இருக்க வாய்ப்பு அதிகம். வண்டியை அன்றே பட்டறைக்குக் கொண்டுபோய் டிஸ்க்கைக் கழற்றி அதை மறுபடி இழுக்கச் சொல்லுங்கள்.